வூஃபருக்கு பேட்டரி வேண்டாம் என்றார்கள்

“இந்தக் காலத்துல ஒருத்தராவது வாயைத் திறந்து பேசுறாங்களா? எல்லாம் வாய்க்குள்ளயே மென்னு முழுங்குறாங்க!”

ஜன்னல் திரை தைக்கிற அக்கா இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலையில் பால்காரரிடம் ஒரு தடவை சொல்வாள், திரை தைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை வருகிற மகளிடம் நாலு தடவை. பால்காரர் கத்தித்தான் பேசுவார். அந்தத் தெருவே அவர் குரலில்தான் கண் விழிக்கும். அவரையும் சேர்த்துத்தான் இந்தத் திட்டு. யாருக்காவது சந்தேகம் வந்ததா? வரவில்லை. வாய் நீளம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

தெருவில் அவளுக்கு ஆமாக்கா என்று பெயர். எதைச் சொன்னாலும் “ஆமா, ஆமா” என்பாள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் வேண்டுமென்றே, “அக்கா, உங்க வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துடுறீங்களா?” என்று கேட்டார். அக்கா சிரித்த முகமாக, “ஆமா, ஆமா, அதுக்கென்ன” என்றாள். தெருவே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அவளுக்குக் காது கேட்காது.

முப்பத்துநாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்து வலது காதைத் தூக்கிக்கொண்டு போனது. இடது காது அவசரப்படாமல் இருபது வருஷம் எடுத்துக்கொண்டு போனது. காதுக்குள் மாட்டுகிற மெஷினை வாங்கிப் பார்த்தாள். ஒரு டப்பாவில் கரண்டிகளைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்ததாம். கழற்றித் தையல் பாபின் டப்பாவில் போட்டாள், அத்தோடு சரி. பேசுகிறவர் உதட்டைப் பார்ப்பாள், பாதியைப் பிடிப்பாள், மீதிக்கு ஆமா போட்டுவிடுவாள். திரைக்கு அளவை யார் வாயாலும் கேட்டு வாங்க மாட்டாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்கே போய் அளந்துவிடுவாள். “எவ்வளவு அக்கறை பாரு” என்று ஊர் மெச்சியது. அக்கறையாம்!

தெரிந்தவர் ஒரே ஒருத்தர். அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக்.

பின்னறையில் தியேட்டர் போட்டது அவர்தான். பெரிய டிவி, ஆம்ப்ளிஃபையர், மூலைக்கு மூலை ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வூஃபர். அடித்தொண்டைச் சத்தத்தை எல்லாம் அதிர்வாக முழக்குகிற, இடுப்பு உயரக் கறுப்புப் பெட்டி. ஒரு கடை மூடும்போது பிடித்து வந்தது. அந்த மாடல் இப்போது எங்கேயும் கிடையாது. “லிஃப்டுக்கு கிரீஸ் போடுறவனுக்கு வந்த வாழ்வைப் பாரு” என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அந்த மனுஷன் எதற்கு வாங்கினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சோபாவுக்கு முன்னால் வூஃபரைப் படுக்க வைத்தார். அதன் மேல் ஒரு மரப்பலகையைத் திருகி முடுக்கினார். “காலை வை” என்றார். வைத்தாள். படத்தில் ரயில் வந்தது. உள்ளங்காலில் ரயில் ஓடியது. வில்லன் படியேறினால் ஒவ்வொரு படியும் குதிகாலில் ஏறியது. மழை பெய்தால் கால் விரலெல்லாம் கூசியது. பல வருஷமாகச் சினிமாவில் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு அழுதுவிட்டாள். “மெதுவா அழுடி, பாட்டு கேக்கல” என்றார் அவர். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். வசனமெல்லாம் படம் முடிந்ததும் அவர் எதிரே உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். கதாநாயகியாகவும் அவரே நடிப்பார், அதுவும் மீசையோடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழவில்லை.

அதற்குப் பிறகு நடித்துக் காட்ட ஆளில்லை. பலகை மட்டும் மிச்சம். மதியம் இரண்டு மணிக்குத் தையல் மெஷினை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றி, காலை அதன் மேல் வைத்துவிடுவாள். நாள் பூராவும் பருத்தி அடைத்தது போல இருக்கிற உலகத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளோடு ஏதோ ஒன்று பேசியது.

மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மகள் நல்லவள். அதுதான் பயம். அவள் வீடு பஸ்ஸில் ஒன்றரை மணி தூரத்தில், ஏழாவது மாடியில் இருக்கிறது. அப்பா போன நாளிலிருந்து, “தனியா இருக்காதம்மா, வந்துடு” என்று ஒரே பாட்டு. காது கேட்காது என்று தெரிந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவாள். அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு இடமில்லை, தெரிந்த ஜன்னல்கள் இல்லை, நாள் முழுக்க அடுத்தவர் தயவு. அதனால் போனில்கூடப் பேச மாட்டாள். “போன்ல கத்துறது எனக்குப் பிடிக்காது, மெசேஜ் போடு” என்று சொல்லி வைத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் படுத்த ஆரம்பித்தது. போகும், வரும், வரும்போது வெறி பிடித்த மாதிரி வரும். ஒரு தடவை வந்த வேகத்தில் டிவிக்குள் ஒரு போர்டு கருகிவிட்டது. ரிப்பேர்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டு, “பாதுகாப்புக்கு ஏதாவது போட்டுக்குங்க, அடுத்த தடவை எது போகும்னு சொல்ல முடியாது” என்றார். இது மட்டும் அவர் உதட்டில் தெளிவாக இருந்தது. டிவி போனால் கடையில் டிவி இருக்கிறது. வூஃபர் போனால்?

ஒரு வாரம் இதே வேலை. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் தவழ்ந்து, ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று பார்த்து, திரைத்துணி அளவு எழுதுகிற நோட்டில் எழுதினாள். டிவி நூற்றைம்பது, ஆம்ப் முந்நூறு, வூஃபர் ஐந்நூறு. வூஃபருக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு அடர்த்தியான மீசை. மேலுதடு கண்ணிலேயே படவில்லை. போதாத குறைக்குப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டி எடுக்கத் திரும்பித் திரும்பிப் போனார். அக்கா பின்னாலேயே போய் முகத்துக்கு நேரே நின்றாள்.

“என்னம்மா, கடைக்காரரை இப்படி விரட்டுற?” என்றாள் மகள்.

“ஆமா, ஆமா.”

கடைக்காரர் ஒரு யூபிஎஸ்ஸை மேஜை மேல் வைத்தார். பின்பக்கத்தைக் காட்டினார். “பாருங்கம்மா, இந்த நாலு சாக்கெட் பேட்டரி பக்கம். கரண்ட் போனாலும் ஓடும். இந்த நாலும் சர்ஜ் பக்கம். கரண்ட் போனா அணைஞ்சிடும், ஆனா எகிறி வந்தா தாங்கிக்கும். டிவியும் ஆம்பும் பேட்டரியில போடுங்க. வூஃபரை சர்ஜ்ல போடுங்க.”

விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியதால் இது முழுதாகப் புரிந்தது. நோட்டைத் திறந்து இரண்டு கோடு போட்ட இடத்தைக் காட்டினாள். “வூஃபருக்கும் பேட்டரி வேணும்.”

“வூஃபருக்கா? வேண்டாம்மா. மத்த ரெண்டையும் சேர்த்தா எவ்வளவோ அதைவிட அது ஒண்ணே அதிகமா குடிக்கும். ரெண்டு நிமிஷத்துல பேட்டரி நாக்கைத் தள்ளிடும்.”

“அப்ப பெருசா ஒண்ணு குடுங்க.”

“பெருசு இருக்கு. ஆனா எதுக்குங்கறேன்? கரண்ட் போனா வூஃபர் நிக்கும், படம் ஓடிட்டே இருக்கும். சத்தம் மத்த ஸ்பீக்கர்ல வரத்தானே போகுது? காதுக்கு என்ன குறைச்சல்?”

மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “அதானே? யானையைக் கட்டித் தீனி போடுற கதையா இருக்கு. என்னைக் கேட்டா அந்தப் பெட்டியையே வித்துடலாம். சும்மா திம் திம்னு. எதுக்கும்மா அது மேல உனக்கு இவ்வளவு பாசம்?”

மூன்றே வார்த்தை போதும். எனக்குக் காது கேட்காது. கடைக்காரர் பெரிய பெட்டியை எடுத்துக் கொடுத்திருப்பார், வேலை முடிந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தாள். ஏழாவது மாடி தெரிந்தது.

“சும்மாதான் கேட்டேன்” என்றாள்.

சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் வயர்மேன் வந்தார். நல்ல வேலைக்காரர், எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்ய மாட்டார். முதலில் ஒரு பல்பை வைத்து எர்த் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். “எர்த் இல்லாம இந்தப் பாதுகாப்புப் பெட்டி எதை வச்சாலும் சும்மா பொம்மைதான், அக்கா” என்றார். டிஷ்ஷிலிருந்து வருகிற வயரைக்கூட விடவில்லை. அதன் வழியாகவும் இடி வருமாம், அதற்கும் ஒரு சின்னத் தடுப்பு மாட்டினார். பிறகு டிவி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். வெளியே தெரிந்தது அவருடைய முதுகும் பாதமும்தான்.

உள்ளே இருந்தபடியே கேட்டார். “அக்கா, வூஃபர் வயர் இதுவரைக்கும் எட்டல. தள்ளி சோபாகிட்ட இருக்கு. நேரா சுவர்லயே சொருகிடவா? இல்ல, நீளமா வயர் வாங்கிட்டு நாளைக்கு வந்து போடவா?”

முதுகு அசைந்தது. ஏதோ கேட்கிறார் என்று தெரிந்தது. என்ன, திரும்பச் சொல்லுங்க என்று கேட்கலாம்தான். ஒரு தடவை கேட்டால் இரண்டாம் தடவை கேட்க வேண்டிவரும், மூன்றாம் தடவை எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்த முகம் மாறுவதை அவள் இருபது வருஷமாகப் பார்த்தவள்.

“ஆமா, ஆமா” என்றாள். “அப்படியே பண்ணுங்க.”

அவர் சுவரில் சொருகிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒரு தொல்லையும் இல்லை. கரண்ட் போனால் படம் ஓடும், கால் மட்டும் காத்திருக்கும், வந்ததும் சேர்ந்துகொள்ளும். சர்ஜ் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள். பாவம், ஒரு தடவை குனிந்து வயரைப் பார்த்திருக்கலாம்.

ஒரு புதன்கிழமை மதியம் பலத்த காற்று. தெருமுனைக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. அது அறுந்தால் வீட்டுக்குள் வருகிற கரண்டுக்குக் கடிவாளம் கிடையாது, இருமடங்குகூட ஏறும். ஃபேன் பிய்த்துக்கொண்டு போகிற வேகத்தில் சுற்றியது. பல்பு வெளுத்து வெடித்தது. பலகையில் இருந்த காலுக்கு ஒரு உதை விழுந்தது. அப்படி ஒரு உதையை எந்தப் படத்திலும் அவள் வாங்கினதில்லை. அப்புறம் ஒன்றுமில்லை. கருகின நாற்றம் வந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். டிவியில் படம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. திரையில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டு ஓடினார்கள். காலைப் பலகையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். வெறும் மரம்.

சாயந்திரம் விஷயம் தெரிந்து மகள் அரக்கப்பரக்க வந்தாள். தெருவில் நாலு வீட்டில் டிவி போயிருந்தது, இரண்டு வீட்டில் ஃபிரிட்ஜ். இங்கே டிவி ஓடுவதைப் பார்த்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “பாத்தியாம்மா! நல்லவேளை வாங்கினோம். ஒண்ணுமே ஆகல!”

“ஆமா” என்றாள் அம்மா.

ஏழு வாரம் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், அதற்கு ஏன் இப்படி இடிந்து போயிருக்கிறாய் என்று கேட்பார்கள். காரணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மணியானால் வழக்கம் போலப் போய் உட்காருவாள். செத்த பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு வாய்கள் அசைவதைப் பார்ப்பாள். தெருவில் அவள் பேச்சு குறைந்தது. கூப்பிட்டவர்களுக்குத் திரும்பவில்லை. “ஆமாக்காவுக்கு இப்பல்லாம் மண்டைக்கனம்” என்று பேசிக்கொண்டார்கள். திரை தைக்கக் கொடுத்தவர்கள் வேறு ஆளைத் தேடினார்கள்.

ஒரு ஞாயிறு மகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கதவு சாத்தாமல் இருந்தது. பின்னறையில் அம்மாவின் முதுகு தெரிந்தது. டிவியில் ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அறையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

“அம்மா.”

அசைவில்லை.

“அம்மா!”

கையில் இருந்த பையைத் தரையில் போட்டாள். உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பா உருண்டு மூடி கழன்று ஓடியது. அம்மா திரும்பவில்லை. சுற்றிவந்து முன்னால் நின்றாள். அம்மா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, முகத்தைச் சரிபண்ணிக்கொண்டாள்.

“அட, எப்ப வந்த? உக்காரு, படம் நல்லா இருக்கு. இப்பதான் ஒரு அருமையான பாட்டு போச்சு.”

திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் ஒரு கோடு போட்டிருந்தது. சத்தத்தை நிறுத்துகிற ம்யூட் பட்டனில் கை பட்டு எத்தனை நாளாயிற்றோ.

மகள் ரிமோட்டை எடுத்து அந்தக் கோட்டைக் காட்டினாள். அம்மா பார்த்தாள். இதற்கு ஆமா போட வழியில்லை.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?”

“நீ பாவம் பாப்ப. அவரு பாக்க மாட்டாரு.”

பலகை எதற்கு, பெட்டி எப்படிச் செத்தது என்று அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் வித்துடுன்னு சொன்னேனேம்மா! அந்தப் பெட்டியை வித்துடுன்னு சொன்னேனே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மகள் விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட, வயர்மேன் வந்து வூஃபரைத் திறந்தார். உள்ளே போர்டு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. நாலு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார், பாகம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

“அக்கா, நான் கேட்டேனே. சுவர்ல சொருகிடவான்னு. நீங்கதானே ஆமான்னீங்க.”

இந்தத் தடவை முகத்துக்கு நேராகத்தான் சொன்னார். எல்லாம் விளங்கியது.

“நான்தான் சொன்னேன். உங்க மேல தப்பில்ல.”

“இல்லக்கா. அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டா ஒரு மனுஷிகிட்ட பதில் கேப்பாங்க? வெளிய வந்து கேட்டிருக்கணும்.” அந்த மனுஷன் அன்றைக்குக் கூலியே வாங்கவில்லை. மறுநாள் யாரும் சொல்லாமலே வந்து, வாசல் மணியை அழுத்தினால் தையல் மெஷின் பக்கத்திலும் பின்னறையிலும் ஒரு சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி மாட்டிவிட்டுப் போனார்.

மகள் புது வூஃபர் வாங்கி வந்தாள். நீள வயர் போட்டு சர்ஜ் பக்கத்தில் சொருகி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பழைய பலகையைக் கழற்றி இதன் மேல் வைத்தார்கள். பலகை பெரிசு, பெட்டி சின்னது. அதே ரயில் படத்தைப் போட்டார்கள். அம்மா காலை வைத்துக் கண்ணை மூடினாள். ஈ மொய்க்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

அம்மா பார்த்தாள். “நல்லா இல்லடி. இதுல எதுவுமே வரல.”

மகள் செட்டை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். ஏழாவது மாடிப் பேச்சும் வந்தது, வராமல் இருக்குமா? அம்மா முடியாது என்றாள். மகள் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தாள். “ஒரு நாளைக்கு ஒருத்தராவது வந்து உன்னை எட்டிப் பாக்கணும். யாரு வந்தாங்கன்னு எனக்கு மெசேஜ் போடணும். பொய் சொல்லக் கூடாது. தொடர்ந்து மூணு நாள் யாரும் வரலேன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அம்மா ஒத்துக்கொண்டாள். யாராவது வராமலா போவார்கள் என்று நினைத்து ஒத்துக்கொண்டாளோ தெரியவில்லை. முதல் வாரம் பால்காரர் பெயரையே ஐந்து நாள் அனுப்பினாள். பால்காரர் கணக்கில் சேராது என்று மகள் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் கேட்கிறேன். போய்ப் பாருங்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் போகிற சந்து, கடைசி வீடு, பச்சை கேட். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்லது, அந்த நேரம்தான் அவளுக்குப் போக மாட்டேன் என்கிறது. மணியை அழுத்திவிட்டு நில்லுங்கள், வருவாள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். கத்தாதீர்கள், நிதானமாகப் பேசினால் போதும். கிளம்பும்போது உங்கள் பெயரை மட்டும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு வாருங்கள், மகளுக்கு அனுப்ப வேண்டும்.